பேராக் நதிக்கரையில் ஒரு ராஜ்ய சாஸ்திரம்

ஈப்போ

சுண்ணாம்புக் குன்றுகள் நாற்புறமும் செங்குத்தாக எழுந்து நிற்க, அவற்றினிடையே கிந்தா நதி அடக்கமாக ஓடிக்கொண்டிருக்கும், மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போ நகரத்தை முதன்முறையாகக் காண்பவருக்கு, இது தவத்துக்கும் தியானத்துக்கும் ஏற்பட்ட க்ஷேத்திரம் என்ற எண்ணமே முதலில் உண்டாகும். குன்றுகளின் குகைகளில் சீனர்கள் புத்தருக்கு ஆலயம் சமைத்திருப்பதும், குனோங் செரோ என்ற குன்றின் அடிவாரத்தில் கல்லுமலை சுப்பிரமணியர் எழுந்தருளித் தைப்பூசத்தன்று காவடிகளை ஏற்றுக்கொள்வதும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தும். ஆயினும் இந்நகரத்தைக் கட்டியெழுப்பிய செல்வம் குன்றுகளின் கீழே, வண்டலோடு வண்டலாகக் கலந்து கிடந்த வெள்ளீயத்திலிருந்து வந்தது. ஏ. பி. ஹப்பக் என்ற ஆங்கிலேயர் வரைந்து, 1917-ல் கட்டி முடிக்கப்பெற்ற ரயில் நிலையத்தின் வெண்மையான குவிமாடங்களைப் பார்த்தால், அந்த உலோகத்தின் மீது அக்காலத்து ஆட்சியாளர் வைத்திருந்த நம்பிக்கை எத்தகையது என்பது விளங்கும்.

இந்த யாத்திரைக்குத் துணையாக நான் எடுத்துச் சென்றவை, முத்தையா அழகப்பா எழுதியும் தொகுத்தும் வெளியிட்ட நூல்கள். மலேசிய ராணுவத்தில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்தவர்; அமெரிக்காவில் பிளெட்சர் கலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர்; கோலாலம்பூரிலும், ஹவாயிலுள்ள கிழக்கு-மேற்கு மையத்திலும் ஆராய்ச்சி செய்து, 2001-ல் அம்மையம் வாஷிங்டனில் கிளை அமைத்தபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர். சர்வதேசப் பாதுகாப்பைப் பாடமாகப் பயிலும் மாணாக்கர் பல தேசங்களில் இவருடைய பெயரை அறிவர். தமிழ் வாசகர்களிடையே அறிந்தவர் சிலரே.

தாய்லாந்தை உதாரணமாகக் கொண்டு 1987-ல் அவர் எழுதிய நூலின் சாரம் இது: வளரும் தேசங்களின் க்ஷேமத்தை எல்லைக்கு அப்பால் நிற்கும் பகைவனை மட்டும் கொண்டு அளக்கலாகாது, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே உள்ள பிணைப்பு தளர்வதும் படையெடுப்புக்கு நிகரான அபாயமே. ஆட்சிக்கு நியாயமான உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தென்கிழக்காசிய நாடுகளை முன்னிட்டு 1995-ல் ஆராய்ந்தார். ஆசியாவில் குழப்பமே மிஞ்சும் என்று மேலை நாட்டறிஞர் பலர் கட்டியம் கூறிக்கொண்டிருந்த காலத்தில், இங்கும் ஓர் ஒழுங்கு நிலவுகிறது என்று 2003-ல் வெளிவந்த தொகுப்பில் வாதித்தார். அணு ஆயுதங்கள் ஆசியாவின் மீது வீழ்த்தியிருக்கும் நெடு நிழலை 2008-ல் அளந்து, அது இதுவரை நாடுகளுக்கிடையே நிதானத்தையே வளர்த்திருக்கிறது என்ற, பலருக்கு உவப்பில்லாத முடிவுக்கு வந்தார். சேனையில் இருந்தவர் எழுத்தில் சேனையைக் காட்டிலும் ஆட்சியின் தர்மமே அதிகம் பேசப்படுவது எனக்கு ஆச்சரியத்தை அளித்தது.

பழைய நகரப் பகுதியில், மார்கரினில் வறுத்த கொட்டையால் ஆக்கப்படும் அவ்வூரின் புகழ்பெற்ற வெள்ளைக் காப்பியை அருந்தியபடி, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவரிடம் இவற்றைப் பற்றிச் சம்பாஷித்துக் கொண்டிருந்தேன். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால் மரங்களினூடே பள்ளிக்கு நடந்து படித்து உயர்ந்தவர் அவர். புந்தோங்கிலிருந்து வாங்கி வந்த கச்சாங் பூத்தே என்ற கொறிபண்டப் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“அவர் எழுதியிருப்பது சரிதான், சார். ஆனால் நான் பிறந்த தோட்டத்தையே ஒரு ராஜ்யம் என்று வைத்துக்கொண்டு அதே கேள்விகளைக் கேட்டால் என்ன பதில் வரும்? வாங்க, நாலு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்” என்றார்.

தஞ்சோங் துவாலாங்

தெற்கே செல்லும் சாலையின் இருமருங்கிலும் குட்டைகள். ஈயம் தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்து, கரையில் புல் முளைத்து, இப்போது மீன் வளர்ப்போருக்கும் வாத்து வளர்ப்போருக்கும் ஜீவனோபாயமாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், 1938-ல் செய்யப்பெற்ற ஈயக்கப்பல் ஒன்று பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சுமார் 4,500 டன் எடையுள்ள இந்த யந்திரம், தானே வெட்டிக்கொண்ட குளத்தில் தானே மிதந்து, முன்புறத்து வாளிச் சங்கிலியால் மண்ணை வாரி, வயிற்றுக்குள் அலசி, ஈயத்தை வைத்துக்கொண்டு மணலைப் பின்புறம் உமிழ்ந்தபடியே பல ஆண்டுகள் வயல்வெளியில் ஊர்ந்து சென்றது என்பதை, அதன் தளத்தில் ஏறி நின்று பார்த்தபோதுதான் நம்ப முடிந்தது.

ஈயம் என்றால் தகரடப்பா என்று மட்டும் நினைப்பது பிசகு. பற்றாசிலும், தாங்கு உருளைகளிலும், சிப்பாய் உண்ணும் டப்பா உணவிலும் அது இருந்தமையால், இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிறகு அமெரிக்கா அதையும் ரப்பரையும் யுத்தகால அவசியப் பொருள்களாகப் பாவித்து மலைமலையாகச் சேமித்து வைத்தது. அந்தச் சேமிப்பிலிருந்து எப்போது எவ்வளவு விற்கப்படும் என்ற வதந்தியே கிந்தாப் பள்ளத்தாக்கில் கூலி ஏறவும் இறங்கவும் போதுமானதாயிருந்தது. விலையைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே உற்பத்தி நாடுகளும் நுகரும் நாடுகளும் சேர்ந்து நடத்திய சர்வதேச ஈய மன்றம், கையிலிருந்த பணம் தீர்ந்து 1985 அக்டோபர் 24 அன்று கைவிரித்ததும், லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரமே நிறுத்தப்பட்டது. “லண்டனில் ஒரு மணி அடித்தது, இங்கே சுரங்கச் சங்குகள் நின்றுபோயின. என் மாணவர்கள் பாதிப் பேர் அடுத்த வருஷம் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள்” என்றார் ஆசிரியர்.

குண்டு விழவில்லை, எல்லை மீறப்படவில்லை. ஆயினும் ஒரு பள்ளத்தாக்கின் வாழ்வு குலைந்தது. இதைப் பாதுகாப்புச் சாஸ்திரத்தின் எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே, குட்டையில் வளர்ந்த மீனைப் புளியும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவைத்த குழம்போடு பகல் உணவை முடித்தேன்.

பாப்பான், புக்கிட் மேரா

கிளேடாங் மலைத்தொடரின் ஓரத்தில், ஆலமரங்கள் சுவர்களைப் பற்றிப் படர்ந்திருக்கும் பழைய கடைவீதி ஒன்றே பாப்பான். இங்குதான் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், மருத்துவர் கார்த்திகேசுவின் மனைவி சிபில், காட்டிலிருந்து இரவில் வரும் கொரில்லாப் போராளிகளின் குண்டுக் காயங்களுக்கு மருந்திட்டும், ‘ஜோசபின்’ என்று செல்லப்பெயரிட்டு ஒளித்து வைத்திருந்த வானொலிப் பெட்டியில் லண்டன் செய்தி கேட்டும் வந்தார். 1943-ல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, முதுகெலும்பு சிதைந்தும் வாய் திறவாமல் இருந்ததற்காகப் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. அந்தச் சிறிய கடைவீட்டின் முன் நின்றபோது, ராஜ்யங்கள் கைவிட்டு ஓடிய பிறகும் ஒரு மாது தன் தெருவின் ரக்ஷணையைத் தானே ஏற்றுக்கொண்டதை எண்ணி வணங்கினேன்.

பாப்பானுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அது என் சொந்த ஊரோடு சம்பந்தப்பட்டது. நான் கன்னியாகுமரி மாவட்டத்தான். எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் இருப்பதை, 1909-ல், ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார்; அதற்குள் தோரியம் இருக்கிறது. அணுயுகம் பிறந்தவுடன் திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அந்த மணலையே ராஜதந்திரத்தின் துருப்பாகக் கையில் பிடித்தார்; சுதந்திர இந்தியா அதை அரசாங்கத்தின் உடைமையாக்கிக்கொண்டது. அதே மோனசைட், கிந்தாவில் ஈயம் அலசிய பிறகு எஞ்சும் கறுப்பு மணலில் இருக்கிறது. அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்கவே, ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்தின் பங்கோடு, ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை பக்கத்துக் கிராமமாகிய புக்கிட் மேராவில் 1982-ல் இயங்கத் தொடங்கியது.

உலோகம் ஜப்பானுக்குப் போயிற்று. தோரியக் கழிவு ஊரில் தங்கிற்று. அதைப் பாப்பானில் புதைக்க 1984-ல் ஏற்பாடானபோது சனங்கள் மறித்தனர்; மறு வருஷம் புக்கிட் மேரா வாசிகள் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1987 அக்டோபரில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாடெங்கும் பலரைப் பிடித்து அடைத்தபோது, இந்த ஆலையை எதிர்த்தவர் சிலரும் அவர்களுள் இருந்தனர். 1992 ஜூலையில் ஈப்போ நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது; மறு வருஷம் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று; எனினும் 1994-ல் ஆலை தானாகவே மூடப்பட்டது. அசுத்தப்பட்ட மண்ணையும் இடிபாட்டையும் கொண்டுபோய் இந்த மலைத்தொடருக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள்.

சாலையோரத்துக் கடையில் ரொட்டிக்குத் தேங்காய்ப் பசை தடவிக் கொடுத்த சீனப் பெரியவர், அந்த வழக்கின்போது ஒவ்வொரு விசாரணைக்கும் ஈப்போவுக்குப் போனவர்களுள் ஒருவர். ஆசிரியரின் மொழிபெயர்ப்பில் அவர் சொன்னது இது: “எங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது. பயப்பட வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். அவ்வளவு நல்ல பொருளானால் அதை ஏன் தங்கள் நாட்டில் பிரித்தெடுக்கவில்லை என்று கேட்டோம். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.” எங்கள் கடலோரத்திலும், கூடங்குளம் அணுவுலையை எதிர்த்து 2011 முதல் இடிந்தகரையில் கூடியவர்கள்மீது ராஜத்துரோக வழக்குகள் ஆயிரக்கணக்கில் போடப்பட்டன. அரசுக்கு வேண்டிய ஒரு பொருளைக் குறித்துக் கேள்வி கேட்டவனை ராஜ்யத்தின் பகைவர் வரிசையில் நிறுத்துவதில் இரு தேசங்களுக்கும் பேதம் அதிகமில்லை. புக்கிட் மேராக்காரர்களுக்கு ஒரு நீதிமன்றமாவது, ஒரு தடவையாவது, ஆம் என்றது. எங்கள் ஊராருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

சுங்கை சிப்புட்

ஈப்போவுக்கு வடக்கே, லிந்தாங் செல்லும் கிளைச் சாலையில் எல்ஃபில் தோட்டம் இருந்தது. 1948 ஜூன் 16 காலையில், சைக்கிளில் வந்த மூன்று சீன இளைஞர் தோட்ட ஆபீஸுக்குள் நுழைந்து ஆர்தர் வாக்கர் என்ற துரையைச் சுட்டனர். சற்று நேரத்தில் வேறொரு தோட்டத்தில் அல்லிசன், கிறிஸ்டியன் என்ற இருவர் சுடப்பட்டனர். அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும், இரண்டு நாளில் மலாயா முழுவதிலும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அது முடிய 1960 ஜூலை 31 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம் நடந்ததை யுத்தம் என்று அழைக்காமல் விட்டதற்கு, அழைத்திருந்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் லண்டன் இன்ஷூரன்ஸ் ஈடு தராது என்பதே காரணமென்று சொல்லப்படுவதுண்டு.

இப்போது அங்கே பால் மரம் அருகிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. பால் வெட்டும் தோட்டத்தில் இருந்த மனித சஞ்சாரம் செம்பனையின் இருண்ட வரிசைகளில் இல்லை. எங்கள் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் இன்றும் அதிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களைப் பார்க்கலாம்; அம்மரங்கள் சிறு குடியானவர்களுடையவையாகவும் அரசாங்கத்துடையவையாகவும் இருப்பதால், வெட்டுகிறவன் மாலையில் தன் ஊருக்குத் திரும்பி விடுகிறான். இங்கே வெட்டுகிறவனுக்குத் தோட்டமே ஊர். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டால் ஊரும் கோயிலும் பள்ளிக்கூடமும் அதனோடு போயின.

நகரை ஒட்டிய தாமான் என்ற குடியிருப்பு ஒன்றில், எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவரிடம் ஆசிரியர் அழைத்துப் போனார். அவித்த மரவள்ளிக் கிழங்கையும் சம்பாலையும் வைத்து, பாலில்லாத தேநீரையும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேச உட்கார்ந்தார்.

“அப்ப நான் சின்னப் புள்ள, தம்பி. லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டுட்டாங்க. பெரட்டு முடிஞ்சு வெட்டுக்குப் போற ஆளுங்கள கேட்டுல நிக்க வச்சுச் சோதிப்பாங்க. எங்கம்மா இடுப்புல ஒரு கைப்பிடி சோறு கட்டிக்கிட்டுப் போக முடியாது. காட்டுல இருக்கிறவனுக்குக் குடுத்துடுவோம்னு பயம். விடிய மூணு மணிக்குக் குடிச்ச தேத்தண்ணிதான். மங்கெல்லாம் ஊத்திப் பாலு நிறுத்து முடிக்கிற வரைக்கும் பசியோடதான் நிப்பாங்க.”

“காட்டில் இருந்தவர்களுக்குப் பயந்தீர்களா, பாட்டி?”

“ராத்திரி அவங்களுக்குப் பயம், பகல்ல இவங்களுக்குப் பயம். பாலு மட்டும் ஒரு நாளும் நிக்கல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது பாட்டி சிரித்தார். நான் குனிந்து கிழங்கைத் தின்றேன். கொரியா யுத்தத்தால் ரப்பர் விலை விண்ணை முட்டிய ஆண்டுகள் அவை. அதற்கு முன்னே, ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து அமெரிக்காவுக்கு ரப்பர் வருவதை அடைத்த ஆண்டுகளில், இதே லயங்களிலிருந்துதான் பல்லாயிரவரைச் சயாம் மரண ரயில் வேலைக்கு வாரிக்கொண்டு போனார்கள். உலகத்தின் சக்கரங்கள் சுழல்வதற்கு இன்றியமையாததென்று சாம்ராஜ்யங்கள் கருதிய பொருளை, சாம்ராஜ்யங்களின் கணக்கில் எண்ணிக்கையாக மட்டுமே இருந்தவர்கள் இறக்கிக் கொடுத்தனர். முள்வேலி பாலைக் காத்ததா, பாட்டியின் தாயைக் காத்ததா என்று கேட்டால், அதற்குரிய விடை அந்தத் தாயின் வெறும் வயிற்றில் இருக்கிறது.

ஈப்போவில் ஆசிரியர் கேட்ட கேள்வியை இங்கே பரீட்சித்துப் பார்த்தேன். தோட்டம் ஒரு ராஜ்யமானால், துரை அதன் அரசன். கிராணியும் கங்காணியும் அதன் மந்திரிகள். முள்வேலி அதன் எல்லை. குடிகளிடம் அந்த ஆட்சிக்கு நியாயமான உரிமை இருந்ததா என்று அழகப்பாவின் அளவுகோலை வைத்தால், அது மிகத் துல்லியமாகவே அளக்கிறது: உரிமை இல்லை, ஆகவே எவ்வளவு வேலி போட்டும் அச்சம் நீங்கவில்லை. அவருடைய சாஸ்திரத்தின் குறை அளவுகோலில் இல்லை. அது ராஜதானியின் வாயிலோடு நின்றுவிட்டதில் இருக்கிறது. இன்னும் சில மைல் உள்ளே வந்திருந்தால் லயத்தையும் எட்டியிருக்கும்.

லயத்தவர்கள் தங்கள் க்ஷேமத்துக்குத் தாங்களே வழி தேடாமலும் இல்லை. தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி சங்கத்தை நம்பினார். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றஞ்சாட்டப்பெற்று 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய வீ. தி. சம்பந்தன் கூட்டுறவை நம்பினார். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, தோட்டங்களை அவர்களே வாங்கும்படி 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஒருவர் அரசுக்கு எதிரே, மற்றவர் அரசுக்குள்ளே. இருவரும் தொட்டது ஒரே புண்ணை.

செம்பனையும் இப்போது தூரதேசத்து விவகாரங்களுக்குக் கட்டுப்பட்டதாகிவிட்டது. அதன் எண்ணெயை வண்டிகளுக்கு எரிபொருளாக்குவதை 2030-க்குள் படிப்படியாக ஒழிக்க ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கும் விதியைப் பற்றி, குலை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவர் என்னைக் காட்டிலும் நன்றாக விளக்கினார்.

உலு பேராக்

கோலகங்சாரைத் தாண்டி நதியோடு வடக்கே போகும் வழியில், 1930-ல் எழுந்த செண்டரோ அணை இருக்கிறது. நதியின் வேகத்தை மின்சாரமாக்கி ஈயச் சுரங்கங்களுக்கு அனுப்பவே அது கட்டப்பட்டது. தோட்டத்து லயங்கள் அதன்பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன என்றார் ஆசிரியர்.

கிரிக் ஊருக்கு அப்பால் தெமெங்கோர் ஏரி விரிகிறது. 1970-களில் இங்கே பேரணை கட்டியபோது, மின்சாரத்தோடு இன்னொரு பிரயோஜனமும் கருதப்பட்டது: தாய்லாந்து எல்லையிலிருந்து கம்யூனிஸ்டுகள் இறங்கிவரும் காட்டு வழிகள் நீரில் மூழ்கும். 1982-ல் திறக்கப்பெற்ற கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையும் சேனையின் காவலில்தான் போடப்பட்டது. மின்சக்தியும் யுத்த தந்திரமும் ஒரே நீர்ப்பரப்பில் ஒன்றாகக் கலந்திருப்பதை இங்கே பிரத்யட்சமாகக் காணலாம். மூழ்கியது காட்டு வழிகள் மட்டுமல்ல. ஜஹாய், தெமியார் என்ற ஆதிக்குடிகளின் வீடுகளும் கனிமரங்களும் மூழ்கின. அவர்களை மேட்டுநிலக் குடியிருப்புகளுக்குப் பெயர்த்து வைத்தார்கள். எங்களை ஏற்றிச் சென்ற ஜஹாய்ப் படகோட்டி, நீருக்கு மேலே மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்த மரங்களைக் காட்டி, தன் பாட்டனாரின் டுரியான் மரம் எந்தத் திசையில் இருந்தது என்று சொன்னான். 1989 டிசம்பரில் ஹட்ஜாயில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிக் கம்யூனிஸ்டுகள் ஆயுதத்தைக் கீழே வைத்தனர்; ஏரி அப்படியே இருக்கிறது.

இந்த மாவட்டத்துக் கெனரிங்கில்தான், 2022-ல், குன்றுகளின் களிமண்ணுக்குள் உப்புக் கரைசலைச் செலுத்தி அருமண் உலோகங்களை வடித்தெடுக்கும் முன்னோடி வேலை தொடங்கி, விளைந்த பொருள் சீனாவுக்கு அனுப்பப்பட்டது. மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தங்கள் இவற்றால் ஆவன. இவற்றைச் சுத்திகரிக்கும் திறமை பெரும்பாலும் சீனாவின் கையில் இருப்பதால், மற்ற வல்லரசுகள் அனைத்தும் மாற்று வழி தேடி அலைகின்றன. பண்படுத்தாத அருமண் ஏற்றுமதியைத் தடுக்கப்போவதாக 2023 செப்டம்பரில் மலேசியப் பிரதமர் அறிவித்தார். ஈயம், ரப்பர், நீர், மோனசைட் என்ற வரிசையில் அடுத்த பொருளும் வந்துவிட்டது.

ஆகவே, சர்வதேசப் பாதுகாப்பையும் எரிசக்தி அரசியலையும் பல்கலைக்கழகங்களில் போதிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளத் துணிகிறேன். முத்தையா அழகப்பாவின் நூல்களை மாணவர் கட்டாயம் படிக்கட்டும். ஆட்சியின் நியாயமே தேசத்தின் அரண் என்பதை ஆசியாவின் அனுபவத்திலிருந்து இவ்வளவு பொறுமையாக நிரூபித்தவர்கள் குறைவு. ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில், 1992-ல் ஈப்போ உயர்நீதிமன்றம் புக்கிட் மேரா வாசிகளின் வழக்கில் அளித்த தீர்ப்பையும் பாடமாக வைக்கட்டும். அது பின்னால் மாற்றப்பட்ட தீர்ப்பு என்பதையும் சேர்த்தே போதிக்கட்டும். கெனரிங்கின் குன்றுகளிலும் எங்கள் கடற்கரை மணலிலும் அடுத்த கேள்வி எழும்போது, அதைக் கேட்கிறவனை எந்த வரிசையில் நிறுத்துவது என்று தீர்மானிக்கப்போகிறவர்கள் அந்த மாணவர்கள்தாமே.